மழை நம்பவில்லை

திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குக் குழந்தைகள் எழுதும் கவிதைமேல் நம்பிக்கை இருக்காது. எனக்கு இல்லை. பள்ளிக்கூடம் திறந்தால் போதும், பெற்றவர்கள் வந்து நிற்பார்கள். "மரத்தப் பத்தி ஒரு கவிதை எடுத்துக் குடுங்க. சின்னதா இருக்கட்டும், பெருசா இருந்தா பிள்ளைக்கு மனப்பாடம் ஆகாது" என்பார்கள். நெட்டில் தேடி எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, மேலே ஒரு பூப்படம் வைத்துக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் அதே பிள்ளை அந்தக் கவிதைக்கு வாங்கிய சான்றிதழை லேமினேஷன் போடக் கொண்டுவரும். "கெட்டிக்காரப் பிள்ளை" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு அதையும் போட்டுக் கொடுப்பேன். தொழில் அது.

பெரியவர்கள் கவிதை இன்னும் மோசம். ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் தன் கவிதைகளை டைப் அடிக்க அடிக்கடி வருவார். எல்லாம் குருவி, அணில், வண்ணத்துப்பூச்சி. ஒருநாள், புது வீட்டு மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டிவிட்டது, எச்சம் போட்டு டைல்ஸ் பாழாகிறது, காலையில்தான் குச்சியால் தள்ளிவிட்டேன் என்று அவரே சொன்னார். சொன்ன கையோடு அவர் நீட்டிய தாளில், எங்கள் வீட்டை விட்டு எங்கே போய்விட்டாய் என்று சிட்டுக்குருவியைக் கேட்டு உருகியிருந்தார். நான் டைப் அடித்துக் கொடுத்தேன். குருவி எங்கே போனது என்று அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒருநாள் மகளின் தமிழ் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "ஒங்க பொண்ணு ஒரு கவிதை எழுதியிருக்கா. கொஞ்சம் நேர்ல வாங்களேன்" என்றார். மகிழ்ச்சியாகச் சொல்லும் குரல் இல்லை அது. காசு குறைகிறது என்று சொல்லும் கண்டக்டர் குரல் மாதிரி இருந்தது.

எனக்கு ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அவளும் நானும்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவள் என்ன எழுதுகிறாள், என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

டீச்சர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மகளின் கையெழுத்துதான். 'ழ'வின் காலை இழுத்துவிட்டிருந்தாள்.

தும்பி பறந்தால் தூரத்தில் மழை.
தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை.
நான் தாழப் பறக்க வைத்தேன்.
அதுக்குக் கனமா இருந்துச்சு.
மழை நம்பவில்லை.

"இதுல என்னங்க டீச்சர் தப்பு?"

"தப்பு இல்லைங்க. தப்பு இல்லாததுதான் சந்தேகமா இருக்கு. மொத ரெண்டு வரி பழமொழி, அது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்கு மேல பாருங்க. 'கனமா இருந்துச்சு'ங்கிறது மனுசங்க நாம இயற்கை மேல ஏத்துற பாரம். 'மழை நம்பவில்லை'ங்கிறது பருவம் தப்பிப் போனது. இம்புட்டும் அஞ்சாப்புப் பிள்ளைக்கு எப்படிங்க தோணும்?"

எனக்கு அந்தப் பாரமும் புரியவில்லை, பருவமும் புரியவில்லை. கடைசி வரி மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் புதுக்கோட்டையில் நடந்த போட்டியில் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மேடையேறி ஒரு கவிதை சொன்னது. அதற்கு முன்னால் ஏறிய வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அட்சரம் பிசகாமல் அதையே சொல்லியிருந்தது. டீச்சருக்குத் தலைகுனிவு. இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும் என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. "ஒங்க கடையிலதான் எல்லாம் கெடைக்குமே" என்றார்.

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"நானாத்தான் எழுதுனேங்கிறா. அதுக்கு மேல வாயத் தெறக்க மாட்டேங்கிறா. வெள்ளிக்கெழமைக்குள்ள போட்டிக்குப் பேர் அனுப்பணும். அவ எழுதுனதுதான்னா சந்தோசமா அனுப்புறேன். இல்லேன்னா பிரேயர்ல எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுக் கேக்க வேண்டியிருக்கும், ஹெச்.எம். அப்படித்தான் சொல்றாங்க."

அங்கே நான் மகளுக்காகச் சண்டை போட்டேன். என் பிள்ளை பொய் சொல்லாது என்று மேஜையைத் தட்டினேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கவிதை திருடியதுகூடப் பெரிதில்லை. 'நானாத்தான் எழுதுனேன்' என்று டீச்சர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தால் அது எனக்குத் தாங்காது. வீட்டில் உள்ள ஒரே ஆளையும் நம்ப முடியாமல் போனால் நான் யாரோடு இருப்பது?

முதலில் கடைக் கம்ப்யூட்டரைத் துழாவினேன். அவள் பார்த்ததெல்லாம் நாய்க்குட்டி வீடியோவும் ரங்கோலியும்தான். கவிதை எதுவும் இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே, பார்த்துவிட்டு அழித்திருப்பாளோ என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

அடுத்துக் குருவிக் கவிஞர். கடைக்கு வந்தால் மகளோடு பேசிக்கொண்டுதான் இருப்பார், சொல்லிக் கொடுத்திருக்கலாம். தாளை அவரிடம் நீட்டி, முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"யாரும்மா இது எழுதுனது?"

"தெரிஞ்ச ஒருத்தர்."

"பழமொழியக் கழிச்சா மிச்சம் ஒண்ணுமே இல்லையே. தட்டானுக்குக் கனமா இருந்துச்சுங்கிறாரு, ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? கவிதைன்னா கருணை வேணும்மா." தாளை ரொம்ப இரக்கத்தோடு திருப்பிக் கொடுத்தார். அவர் எழுதியதில்லை என்பது தெளிவாகிவிட்டது.

மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர். அவர் போர் வண்டியில் டிரில்லர். தண்ணீருக்குத் துளை போடுகிற வேலை. வருஷத்தில் முக்கால்வாசி சத்தீஸ்கர் பக்கம் வெயிலில் கிடப்பார். அங்கே மழை தொடங்கினால் போர் போட ஆள் கூப்பிட மாட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஊருக்கு வருவார்கள். "மழை புடிச்சா வண்டி நிக்கும், வண்டி நின்னா வாரேன்" என்பது அவர் ஒவ்வொரு போனிலும் சொல்வது. இந்த வருஷம் ஆனி பிறந்தும் அங்கே மழை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிவியில் வடக்கே ஊர் ஊராகத் தண்ணீரில் மிதப்பதைக் காட்டுகிறார்களே என்றால், அது வேற பக்கம் என்பார்.

எனக்கு அதில் ஒரு முள். அவர்மேல் இன்ன குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. போன வருஷம் கூட இருந்தவர்கள் வந்து இறங்கிய பிறகும் இவர் சில நாள் கழித்துத்தான் வந்தார். வண்டிக்கு வேலை பார்த்தோம் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், தெரியும். ஆனாலும் தனியாகக் கட்டிலில் படுத்திருக்கும்போது பேய்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அன்றைக்கு அவர் போன் செய்தபோது கவிதையைப் படித்துக் காட்டினேன்.

"இந்தக் கவிதைய நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"எனக்கு மொய்க் கவர்ல பேர் எழுதவே ஒன்னையக் கேக்கணும். நான் எங்க கவிதை சொல்ல?"

"அங்க இன்னும் மழை இல்லையா?"

"இல்லத்தா. பாறையே கொதிக்குது."

"நம்புற மாதிரி இல்லையே" என்றேன்.

சொன்ன கையோடு திரும்பிப் பார்த்தேன். மகள் அந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. 'நம்பவில்லை' எங்கே கேட்ட சொல் என்று இப்போது தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டுச் சொல். போன் வருகிற ஒவ்வொரு நாளும் நான் அவள் காதுபட அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கவிதையை எழுதியது அவள்தான். எந்த நெட்டிலும் அந்தச் சொல் அந்த இடத்தில் கிடைக்காது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். என் புத்தி அப்படியே விடுமா? கடைசி வரி நெசமென்றால் மேல் வரியும் நெசம். 'நான் தாழப் பறக்க வைத்தேன்.' எதை, எப்படி வைத்தாள்?

கடையில் கொஞ்ச நாளாக ஸ்டேப்ளர் பின் குறைந்துகொண்டே வந்தது. எலி பின்னைத் தின்னாது. நான் வாடிக்கையாளர்களைச் சந்தேகப்பட்டு ஸ்டேப்ளரைக் கயிற்றில்கூடக் கட்டிப் போட்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் மகள் புத்தகப் பையை வைத்துவிட்டு, "ஊருணிப் பக்கம் விளையாடப் போறேம்மா" என்றாள். போகிற போக்கில் பின் டப்பாவுக்குள் அவள் கை போய் வந்தது. கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். பெற்ற மகளை வேவு பார்க்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

ஊருணியில் தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. கரையெல்லாம் காய்ந்த கோரை, அதன் நுனியில் தட்டான்கள். மகள் கையில் ஒரு கொத்துத் தும்பைச் செடி. குனிந்து பூனை மாதிரி போய், கோரையோடு சேர்த்துச் செடியால் ஒரு அமுக்கு அமுக்கினாள். இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். பூத்தொடுக்கிறவள் கைதான், அப்படி ஒரு பதம். வாலில் நூலைக் கட்டினாள். நூலின் நுனியில் என் கடைப் பின்.

"என்னடி பண்ற?"

அவள் பயப்படவில்லை. "சத்தம் போடாதம்மா, மத்ததெல்லாம் போயிரும்."

"அத எதுக்குக் கட்டுற?"

"தாழப் பறக்கத்தான். ஒத்தப் பின்னுன்னா மேலயே போயிருது. நெறையக் கட்டுனா எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டுதாம்மா சரி." கணக்கு டீச்சரிடம் விடை சொல்கிற முகத்தோடு சொன்னாள். கையைத் திறந்தாள். தட்டான் எழும்பியது, முழங்கால் உயரத்தில் தத்தளித்துக்கொண்டே போனது. அவள் வானத்தைப் பார்த்தாள்.

"பாவம் இல்லையாடி அது?"

"மழை வந்ததும் அவுத்து விட்ருவேன்னு அதுககிட்டச் சொல்லிட்டேன்."

"மழை எதுக்கு ஒனக்கு?"

இவ்வளவு தெரியாதவளா என்று என்னைப் பார்த்தாள். "அப்பா வர்றதுக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. "கூறுகெட்டவளே, அதுக்கு மழை அங்க பெய்யணும். இங்கிட்டுப் பெஞ்சா அப்பா எப்படி வருவாக?"

"தும்பி பறந்தா தூரத்துலதானம்மா மழை. நீதான அந்த சார்ட்ட அடிச்சுக் குடுத்த."

நான்தான். மழைப் பழமொழிகள் என்று தலைப்புப் போட்டு, நீல எழுத்தில், மூலையில் குடைப் படம் வைத்து, அவள் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு. அதில் தும்பி தூரத்து மழைக்கு, தாழப் பறக்கும் தட்டான் தப்பாத மழைக்கு. இரண்டும் ஒரே பூச்சிதான் என்று அவளுக்குத் தெரியும். தூரத்திலும் பெய்ய வேண்டும், தப்பாமலும் பெய்ய வேண்டும் என்றால் என்ன செய்வது என்று யோசித்து, தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். இதில் எந்த இடத்தில் தப்பு என்று என்னாலேயே உடனே சொல்ல முடியவில்லை.

கரையில் உட்கார்ந்தேன். பிறகுதான் தரையைப் பார்த்தேன். நூலோடும் பின்னோடும் தட்டான்கள் அங்கங்கே கிடந்தன. சிலதில் உயிர் இருந்தது. சிலதை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது, ஸ்டேப்ளர் பின்னும் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே கூடப் போனது. என் பிள்ளை கெட்டவள் இல்லை. செத்துக் கிடந்த தட்டான்களுக்கு அதனால் என்ன லாபம்? எனக்கு அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, முதுகில் ஒன்று வைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உயிர் இருந்தவற்றின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவளும் உதவினாள். "இன்னும் மழை வரலையே, இப்பவே விடணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மகள் பொய் சொல்லவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது, இனி அனுப்புவார் என்று நினைத்தேன். டீச்சர் முகம் போகப் போகச் சுருங்கியது.

"அப்ப இது நெசமாவே செஞ்சதா?"

"ஆமாங்க. அதனாலதான் அவளே எழுதுனதுன்னு சொல்றேன்."

"என்னங்க நீங்க. இத எப்படி அனுப்புறது? போட்டித் தலைப்பே இயற்கையை நேசிப்போம்." தாளை விரல் நுனியால் தள்ளி வைத்தார். பெரியவர்கள் எழுதியது என்று நினைத்தவரைக்கும் அது அவருக்குப் பெரிய கவிதை. பிள்ளை எழுதியதுதான் என்று தெரிந்ததும் அது ஒரு பூச்சிக் கொலையாகிவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷி அவர். பிள்ளை ஏமாந்துவிடக் கூடாது என்று மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "மரத்தப் பத்தி ஒண்ணு எழுது பாப்போம், நானும் அம்மாவும் இங்கதான் இருக்கோம்" என்றார்.

மகள் என்னை ஒருதரம் பார்த்தாள், டீச்சரை ஒருதரம் பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

மரமே மரமே பச்சை மரமே,
நிழலும் தந்தாய், கனியும் தந்தாய்,
மழையும் தந்தாய், உயிரும் தந்தாய்,
உன்னை வெட்ட மனமும் வருமோ.

டீச்சர் கண்ணில் தண்ணீர் நிற்காத குறை. "பாத்தீங்களா? கண்ணு முன்னாடி எழுதிட்டா. இதுதாங்க பிள்ளை மனசு." அந்தத் தாளைத்தான் அனுப்பினார். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் வேறு வேறு பூப்படத்தோடு என் பிரிண்டர் வழியாக வெளியே வந்த வரி. எனக்கு அது நன்றாகத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "எங்க புடிச்ச அத?"

"நீ அடிக்கிறதுல எல்லாத்துலயும் அதானம்மா இருக்கும்."

"நீயே ஒண்ணு எழுதியிருக்கலாம்ல."

"நானே எழுதுனா நம்ப மாட்டாங்க. இதத்தான் நம்புவாங்க." கோபமாகச் சொல்லவில்லை. எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லிவிட்டாளோ என்று நான் பயந்தபோது அவள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு எது செல்லும் என்று தெரிந்துவிட்டது.

புதுக்கோட்டையில் கையை ஆட்டி ஆட்டி அந்த மரத்தைச் சொல்லி இரண்டாம் பரிசு வாங்கினாள். குருவிக் கவிஞர் கடையில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது கவிதை" என்றார்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். "மழை புடிச்சிருச்சு. வண்டிய நிறுத்தியாச்சு. டிக்கெட் போட்டுட்டேன், வாரேன்" என்றார். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். குதிப்பாள் என்று நினைத்தேன். போன வருஷம் குதித்துத்தான் டம்ளரைத் தட்டிவிட்டாள். இந்தத் தடவை மெதுவாக எழுந்து வந்து போனைக் கையில் வாங்கினாள்.

"அப்பா, வீடியோவுல வாங்க."

"எதுக்குடா தங்கம்?"

"மழையக் காட்டுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ நாள் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து, இப்படிக் கேட்டால் அந்த மனுஷன் என்ன நினைப்பார் என்று நான் விழுங்கிக்கொண்டது அதுதான். அவர் போனை வைத்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டார். பிறகு படம் வந்தது. தகரக் கொட்டகை, தார்ப்பாய் போட்டு மூடிய போர் வண்டி, அதன்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகள் அப்பா முகத்தைத் தேடவில்லை. மழையையே உற்றுப் பார்த்தாள். பார்த்து முடித்து, போனை என்னிடம் நீட்டினாள்.

"நெசமாவே பெய்யுதும்மா. நீயும் பாத்துக்க."

அவமானமாக இருந்தது. போனை வாங்கிக்கொண்டேன். திரையில் அவர் நனைந்த தலையோடு நின்று, "பிள்ளைக்கு என்ன ஆச்சு? ஏன் இப்படிக் கேக்குது?" என்றார்.

"எங்கிட்டதான வளருறா" என்றேன்.